சம்மட்டி எப்போது ஓய்ந்தார் என்ற விவாதம் குறித்து அவர் மனைவி சொன்னது

வழக்குத் தாளில் எதிரியாகக் காட்டப்பட்டிருக்கும் எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பொது மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருபத்தோரு வருடமாக வேலை பார்க்கிறேன், இப்போது மேற்பார்வையாளர். அங்கே எல்லோருக்கும் நான் சலவை அக்கா. மருத்துவமனைக்குப் பின்புறம் உள்ள ஊழியர் குடியிருப்பில் மூன்றாவது மாடி, கதவு எண் பதினான்கில் கணவருடன் குடியிருக்கிறேன். ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இதற்கு முன் என் மேல் எந்த வழக்கும் கிடையாது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாருக்கும் பயப்படாமல் இதைச் சொல்கிறேன்.

என் கணவருக்கு வயது ஐம்பத்தேழு. ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் சாம்பியனாக இருந்தவர். சம்மட்டி என்ற பட்டப்பெயர் சொன்னால்தான் ஆட்களுக்குத் தெரியும். கடந்த ஒன்பது வருடமாக அவருக்குப் பேச்சு சரியாக வருவதில்லை, இடது கை நடுங்கும், சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். தலையில் வாங்கிய அடிகளால் வந்தது என்று நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பேச்சு சரியாக வராதே தவிர, பக்கத்தில் பேசுவது அவருக்குப் புரியும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், வீட்டுக்கு வந்த மூன்று பேரும் அவருக்குப் புரியாது என்றே கடைசிவரை நடந்துகொண்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை என் கணவரின் பழைய பயிற்சியாளர் எனக்கு போன் செய்தார். அவரை நான் முப்பது வருடமாக அண்ணன் என்றுதான் கூப்பிட்டு வந்தேன். இந்த வாக்குமூலத்தில் பயிற்சியாளர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். "தங்கச்சி, விளையாட்டு நிகழ்ச்சி நடத்துற ஒருத்தர் நம்ம ஆளைப் பத்திப் பேசணும்னு ஆசைப்படறார். வீட்டுலயே வச்சுக்கலாம். பழைய கதைதான், அவனுக்கும் சந்தோஷமா இருக்கும்" என்றார். ஆள் வந்து போனால் என் கணவர் முகம் கொஞ்சம் தெளியும் என்பதால் சரி என்றேன்.

அதன் பிறகு சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பயிற்சியாளரும், நிகழ்ச்சி நடத்துபவரும், ஓய்வுபெற்ற விளையாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவரும் வந்தார்கள். நடத்துபவர் வந்ததும் வராததுமாக எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். ஜன்னல் திரையைக் கழற்றினார். தன் போனை ஒரு தாங்கியில் மாட்டி, பக்கத்தில் இரண்டு விளக்குகளை நிறுத்தினார். பிறகு என் கணவரை நாற்காலியோடு நடுவில் நகர்த்தி வைத்தார். நகர்த்தும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இதை இன்னும் கொஞ்சம் லைட்டுப் பக்கம் திருப்புங்க" என்று பத்திரிகைக்காரரிடம் சொன்னார். இது என்று அவர் சொன்னது என் கணவரை.

சம்மட்டி எப்போது ஓய்ந்தார் என்பதுதான் பேச்சு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பழைய கதை என்றுதானே சொன்னீர்கள் என்று பயிற்சியாளரைக் கேட்டதற்கு, இதுவும் பழைய கதைதான் தங்கச்சி என்று சிரித்தார். அந்த நேரத்திலேயே மூவரையும் வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தேன்.

அதன் பிறகு பேச ஆரம்பித்தார்கள். பத்திரிகைக்காரரின் கட்சி, பட்டத்தைக் காப்பாற்ற ஆடிய நாலாவது போட்டியிலேயே என் கணவர் முடிந்துவிட்டார் என்பது. நடத்துபவரின் கட்சி, அதற்கப்புறமும் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார், இரண்டாவது சுற்றிலேயே ஓர் ஆளைச் சாய்த்தார் என்பது. பயிற்சியாளர் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு டீ குடித்தார். பத்திரிகைக்காரர் பிஸ்கட்டை நனைத்துத் தின்று, விரலை நக்கி, அதே விரலால் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, எந்தச் சுற்றில் எத்தனை குத்து என்று வாசித்தார். அந்த நாலாவது போட்டியிலிருந்து இடது கை நாலு விரற்கடை இறங்கிவிட்டது என்றார். எவ்வளவு என்று காட்டுவதற்காக எழுந்து வந்து, என் கணவரின் இடது கையைப் பிடித்துத் தாடை வரை தூக்கி, "முன்னாடி இங்க இருக்கும்" என்றார். கொஞ்சம் இறக்கி, "அப்புறம் இங்க" என்றார். பிறகு விட்டுவிட்டார். கை நாற்காலிக் கட்டையில் தொப்பென்று விழுந்தது. நடத்துபவர் சரியாகப் பதியவில்லை என்று சொன்னதால் இன்னொரு முறை தூக்கி விட்டார். மூன்றாவது முறையும் நடந்தது. விரல்களில் ஒட்டியிருந்த பிஸ்கட் துகள் என் கணவரின் மணிக்கட்டில் ஒட்டியது. அதை நான் துடைத்தேன்.

அதன் பிறகு நடத்துபவர் என் கணவரின் முன்னால் குனிந்து உள்ளங்கையை விரித்துக் காட்டி, "சார், ஒரே ஒரு குத்து விடுங்க, பார்ப்போம்" என்று குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார். மூவரில் யாரும் அதுவரை அவரை சார் என்று சொல்லவில்லை. என் கணவர் முயற்சி செய்தார். பல்லைக் கடித்தார். வலது கை மேலே வந்து பாதியில் நின்றது. அந்த முயற்சியில் அவருக்குச் சிறுநீர் பிரிந்துவிட்டது. கால்சட்டை நனைந்து தரையில் வடிந்தது. பத்திரிகைக்காரர் தன் கால்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். பயிற்சியாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் போனை நிறுத்தச் சொன்னேன். நடத்துபவர் திரையைப் பார்த்தபடியே, "பரவாயில்லைங்க, நான் இடுப்புக்கு மேலதான் எடுக்கறேன்" என்றார்.

அதன் பிறகு என் கணவரைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போய்ச் சுவர் ஓரமாக ஸ்டூலில் உட்கார வைத்துக் கழுவினேன். குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாது. கூடத்தில் பேசுவது அப்படியே கேட்கும். பயிற்சியாளரின் குரல் கேட்டது. நீங்கள் இருவரும் சொல்வது தப்பு, உண்மை என் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று பெருமையாகச் சொன்னார். பட்டத்துக்கான போட்டிக்கு ஆறு வாரம் முன்பு பயிற்சிக்கூடத்தில் காதுக்குப் பின்னால் லேசான ஓர் அடி பட்டு என் கணவர் விழுந்ததாகவும், பத்து நிமிஷம் எழுந்திருக்கவில்லை என்றும், எழுந்ததும் வாந்தி எடுத்து, அன்று என்ன கிழமை என்று தெரியாமல் முழித்ததாகவும் சொன்னார். வயிற்றுக்கோளாறு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டதாகவும், இடது பக்கம் வரும் குத்து என் கணவரின் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை மறைக்கக் கையைக் காதோரம் வைத்து ஆடப் பழக்கியதாகவும், அந்தக் கையை எல்லாப் பத்திரிகையும் புது உத்தி என்று புகழ்ந்ததாகவும் சொல்லிச் சிரித்தார். "பட்டம் ஜெயிக்கும்போதே அவன் முடிஞ்ச ஆளு. முடிஞ்ச ஆளை வச்சு நான் பதிமூணு போட்டி ஓட்டினேன்" என்றார்.

என் கணவர் இதையெல்லாம் கேட்டார். நான் அவருடைய காலுக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாக, "கோச்சுக்கு டீ குடுத்தியா?" என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன். அன்று முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான்.

அதன் பிறகு அவருக்கு வேறு உடை மாட்டி, கூடத்து வழியாகவே நடத்திக்கொண்டுபோய் எதிர்வீட்டு அம்மாவிடம் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். நனைந்த கால்சட்டை குளியலறை வாளியில் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அலசுவதற்காக வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்க பால்கனிக்குப் போகக் கூடத்தைத் தாண்டினேன். அப்போது நடத்துபவர் பயிற்சியாளரிடம், இதுதான் நமக்கு வேணும், ஆனால் முகத்தில் நிழல் விழுந்துவிட்டது, முதலிலிருந்து ஒரு தடவை சொல்லுங்கள் என்றார். பயிற்சியாளர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். என் கணவரின் காலி நாற்காலியை ஈரத்தோடு காலால் ஒதுக்கிவிட்டு, விளக்குக்கு நேராக உட்கார்ந்தார். அதையே மறுபடி சொன்னார். வார்த்தை மாறவில்லை. ஆனால் இந்த முறை சிரிக்கவில்லை. வாந்தி எடுத்த இடம் வந்ததும் நிறுத்தி, மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடத்துபவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

எனக்குக் குமட்டியது. சலவைப் பிரிவில் ரத்தமும் சீழும் மலமும் ஒட்டிய துணிகளைத் தினமும் தொடுகிறேன். இருபத்தோரு வருடத்தில் ஒருநாளும் எனக்குக் குமட்டியதில்லை.

வாளியிலிருந்து கால்சட்டையை எடுத்துப் பிழியாமல் பயிற்சியாளரின் முகத்தில் மூன்று முறை அடித்தேன். புகாரில் இரண்டு முறை என்று இருக்கிறது, மூன்றுதான் சரி. அவர், "தங்கச்சி, தங்கச்சி" என்று பின்னால் போனார். விளக்குத் தாங்கி தடுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. நான் தள்ளவில்லை. பத்திரிகைக்காரரை அடிக்கவில்லை. அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனார். நடத்துபவர் பயிற்சியாளரைத் தூக்காமல் போனைக் கையில் எடுத்து என்னைப் படம் பிடித்தார். அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். திருடவில்லை. அதே ஈரக் கையோடு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு நடந்து வந்து எழுத்தரின் மேசையில் வைத்தேன். வைக்கும்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, எழுத்தர்தான் அணைத்தார். பயிற்சியாளர் சொன்னது இரண்டு முறையும் அதில் இருக்கிறது. அதை அழிக்காமல் கோர்ட்டில் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பயிற்சியாளரை அடித்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று அதிகாரி கேட்டார். இல்லை. ஆனால் இன்னொன்றும் எழுதிக்கொள்ள வேண்டும் என்றேன். அது இந்த வழக்குக்குத் தேவையா என்று அதிகாரி கேட்டார். தேவை என்றேன்.

பயிற்சியாளர் சொன்ன நாளும் சரியில்லை. அதற்குப் பத்தொன்பது நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, என் கணவர் பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையோடு கூடத்துக்கு வந்தார். மகளுக்கு அப்போது நாலு வயது. தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து, அவளுக்குக் கேட்காதபடி, "இது யார் வீட்டுக் குழந்தை?" என்று கேட்டார். நான் சிரித்தேன். நான் சிரித்ததால் அவரும் சிரித்தார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அவர் கண்ணைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும்.

பட்டத்துக்கான போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது குத்துச்சண்டைக் கழகத்தின் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாக, மறதி, தலைவலி, தடுமாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டார். பெண்டாட்டி சொல்வதைத்தான் நான் நம்புவேன் என்று அவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எதுவும் இல்லை டாக்டர், நன்றாக இருக்கிறார் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். யாரும் என்னை மிரட்டவில்லை. பயிற்சியாளருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம் தெரியாது. அவருடைய பயிற்சிக்கூடத்தில் நடந்தது எனக்கு அப்போது தெரியாது. முதல் வரிசையில் உட்காருவதற்காக ஊதா நிறத்தில் ஓர் உடை தைக்கக் கொடுத்திருந்தேன். அன்று காலைதான் அது தைத்து வந்திருந்தது. டாக்டர் பேசும்போது அது அவருக்குப் பின்னால் கதவில் தொங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன். என் கணவருக்கு உடம்பு கெட்டுவிட்டது என்பதை மறைத்தோம். அதற்குப் பிறகு பதிமூன்று போட்டி ஆடினார். பதிமூன்றையும் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

மேலே உள்ளதை அதிகாரி எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் எதுவும் இல்லை. கடைசிப் பத்தியில் ஓரிடத்தில் மட்டும் "மறைத்தார்கள்" என்று எழுதியிருந்தார். அதை "மறைத்தோம்" என்று திருத்தச் சொல்லி, திருத்தத்தின் பக்கத்திலும் தாளின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)