சத்தம் நின்ற வயல்

— 'அந்தப் பிள்ளையைத் தரையில விடவே மாட்டியா, மர்லீஸ்?' அப்படித்தான் கேட்டா அந்த ஓல்கா. சர்ச் விருந்துல, எல்லாரும் வான்கோழிக்கு வரிசையில நிக்கிறப்ப. கர்ட், நான் பேசறது காதுல விழுதா?

— ம்?

— விழல. இந்த அறுப்புக் கம்பைன் உறுமுற உறுமலுக்கு நான் பாட்டே பாடினாலும் விழாது.

— விழுது, விழுது. ஓல்கா. வான்கோழி. உருளைக்கிழங்கு இன்னும் இருக்கா?

— அந்த மூடியைத் திற, இருக்கு. எஞ்சினை நிறுத்து கர்ட்.

— அறுப்பு நேரத்துல எவனாவது கம்பைனை நிறுத்துவானா? தின்னுட்டு ஏறிடுவேன். ராத்திரி மழைங்கறான் வெர்ன்.

— வெர்ன் தினமும்தான் மழைங்கறான். உன் அண்ணனுக்கு வேற வேலை என்ன. சொல்றேன் கேளு, விதைப்பு ஆரம்பிச்சதிலிருந்து நான் உன்கிட்ட கத்திக் கத்தித்தான் பேசறேன். அப்ப டிராக்டர். அப்புறம் மருந்தடிக்கிற வண்டி. இப்ப இது. வீட்டுக்கு வந்தா தானியம் காயவைக்கிற ட்ரையர் ராவும் பகலும் ஊதிக்கிட்டே கிடக்கு. உன் பொண்டாட்டி குரல் எப்படி இருக்கும்னாவது ஞாபகம் இருக்கா?

— கரகரன்னு இருக்கும்.

— நிறுத்துன்னேன்.

— அப்ப நீயும் உன் வண்டியை நிறுத்து. நான் மட்டும் எதுக்கு?

— உன் பொண்ணு டெஸ்ஸாவுக்குக் குளிருமேன்னு ஹீட்டர் போட்டிருக்கேன்.

— பனிக்கோட்டு போட்டிருக்கா. அதுக்கு மேல வாத்து வேஷம் வேற. அவளுக்கு எங்க குளிரப் போகுது? ஹாலோவீனுக்கு இன்னும் நாள் கிடக்கே, இப்பவே எதுக்குப் போட்டுவிட்டே?

— பனிக்கோட்டுக்கு மேல பத்துதான்னு அளவு பார்த்தேன். கழட்ட விடமாட்டேங்குறா. மதியத்துலேர்ந்து வாத்தாத்தான் இருக்கா. அந்தக் கழுத்து, உன் கறுப்பு சாக்ஸ்ல பஞ்சு அடைச்சது.

— ஓ. அங்க இருக்கா அது. ரெண்டு நாளா ஒத்தைச் சாக்ஸோட கம்பைன் ஓட்டறேன் நான்.

— நிறுத்தினா இன்னொண்ணு வாங்கித் தரேன்.

— சரி. இந்தா, நிறுத்தியாச்சு. உன் முறை.

— நானும் நிறுத்திட்டேன்.

— காது ரெண்டும் அடைச்சுக்கிட்ட மாதிரி இருக்கு.

— அடைப்பு விட்டிருக்கு, அதான். எவ்வளவு பெரிசா இருக்கு இந்த வயலு, சத்தம் இல்லாம. நம்ம வயலா இது?

— பாதி பேங்க்கோடது. வெரெனிக்கிக் கொழுக்கட்டை நல்லா இருக்கு. தயிர்க்கட்டி நிறைய வச்சிருக்கே உள்ள.

— பேச்சை மாத்தாத. டெஸ்ஸாவை வண்டிப் படியில உக்கார வைக்கிறேன், அவளும் ஒண்ணு தின்னட்டும். இந்தாடி தங்கம், ஊதி ஊதித் தின்னு. கர்ட், வியாழக்கிழமை வின்னிபெக்ல அந்தப் பெரிய டாக்டர். நீ வரணும்.

— மழை பெஞ்சா வரேன்.

— வெயில் அடிச்சாலும் வரணும்.

— அவளுக்கு ஒண்ணுமில்ல மர்லீஸ். வெர்ன் பொண்ணும் லேட்டாத்தான் நடந்தா.

— அவ ஒரு வயசு தாண்டி ஒரே மாசத்துல நடந்தா. இவளுக்கு இருபது மாசம் ஆச்சு. சொல்றேன் கேளு. டவுன் கிளினிக்ல அந்த நர்ஸ் இவளைப் படுக்க வச்சுக் காலைத் தள்ளச் சொன்னா. நர்ஸோட கண்ணாடியே கீழ விழுந்துடுச்சு, அப்படி உதைச்சா. பலம் இருக்கு. ஆனா தரையில நிறுத்தினா ரெண்டு காலையும் மடக்கி வயித்தோட ஒட்டிக்கிறா. மறுபடி நிறுத்தினா மறுபடியும் அப்படியே. அங்க ஒரு ஹீட்டர் வேற கடகடன்னு ஓடிக்கிட்டிருந்துச்சு, பயந்துட்டாளோன்னு பார்த்தேன். அழக்கூட இல்ல. என்னையே பார்த்துக்கிட்டு தொங்குறா.

— தொங்கட்டும்.

— என்ன தொங்கட்டும்? வீட்டுல நான் தூசி உறிஞ்சுற வாக்குவம் போட்டாக்கூட காலைத் தூக்கிக்கிறா, தெரியுமா?

— ஹ. அது நான் பழக்கினது. 'டுர்ரு கேட்டா கால் மேல.' டிராக்டர்ல மடியில வச்சுக்கிட்டு வசந்த காலம் பூரா சொல்லிக்கொடுத்தேன். நான் 'டுர்ரு'ம்பேன், அவ காலைத் தூக்குவா. ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. கெட்டிக்காரி.

— அது விளையாட்டு. நான் சொல்றது வேற.

— விளையாட்டு இல்ல. எங்க வீட்டுல அது சட்டம். டெனிஸுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கல.

— கர்ட்.

— மூணு வயசு. எங்க கடைக்குட்டித் தம்பி. லாரி பின்னோக்கி வருதுன்னு அவனுக்கு என்ன தெரியும்? ஓட்டின அப்பாவுக்குக் கண்ணாடியில அவன் தெரியல. அன்னிலேர்ந்து வாசல்ல எந்த எஞ்சின் ஓடினாலும் அம்மா எங்க ரெண்டு பேரையும் தூக்கிச் சாப்பாட்டு மேஜை மேல உக்கார வச்சுடுவா. வெர்னுக்கு மீசை அரும்புற வரைக்கும் மேஜை மேலதான்.

— அதான் வரமாட்டேங்குறியா வியாழக்கிழமை?

— டாக்டரு ஏதாவது நோய்ப் பேரு சொல்லிடுவாரு மர்லீஸ். இப்ப இவ சும்மா நடக்காத பிள்ளை. அவ்வளவுதான். அந்தப் பேரு வந்துட்டா எங்க போனாலும் அதுதான் இவளுக்கு முன்னாடி போய் நிக்கும். அப்புறம் அதை யாராலயும் திரும்ப வாங்கிக்க முடியாது.

— எனக்கு மட்டும் பயமில்லையா? ராத்திரி அவ தூங்குறப்ப உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கிறேன். இப்பத்தான் பிறந்த மாதிரி மெத்துனு இருக்கு. ஒரு கீறல் இல்ல. போர்வையை இழுத்து மூடிடுவேன்.

— ம்.

— ஆனா அவ நின்னா கர்ட். நான் பார்த்தேன். ஆகஸ்டுல இடி இடிச்சுக் கரண்ட் போச்சே, அன்னிக்கு. மெழுகுவத்தியோட வரேன், சமையலறை நடுவுல நிக்கிறா, எதையும் பிடிச்சுக்கல. கரண்ட் வந்துச்சு, ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிச்சுது, பொத்துனு உக்காந்துட்டா. நீ நம்பல.

— இருட்டுல எதையோ பார்த்தே.

— சர்ச்லயும் நின்னா. எல்லாரும் கண்ணை மூடி மௌன ஜெபம் பண்றப்ப நான் மட்டும் மூடல. பெஞ்சை விட்டு இறங்கி என் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஆர்கன் ஆரம்பிச்சதும் ஏறி உக்காந்துட்டா. ஜெபத்துல கண்ணைத் தொறந்து வச்சிருந்தேன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? அதான் சொல்லல.

— சரி. வரேன். வியாழக்கிழமை வரேன். போதுமா?

— நிஜமா?

— வரேன்னுட்டேன்ல. அங்க பாரு, வடக்க.

— என்ன?

— கறுப்புக் கழுத்து வாத்துக் கூட்டம். பக்கத்துல அந்த பார்லி அறுத்த வயலுக்கு இறங்கப் போகுது.

— அய்யோ. வானத்துல இடமே இல்லையே கர்ட். ஒரு வரிசை போக ஒரு வரிசை வந்துகிட்டே இருக்கே.

— வருஷா வருஷம் வருது. ஆனா கண்ணாடிக்கு உள்ளேருந்துதான் பார்த்திருக்கேன். சத்தத்தைக் கேட்டதே இல்ல.

— ஊரே திரண்டு வந்து பேசுற மாதிரி இருக்கு. வெள்ளை வாத்தும் கலந்திருக்கு பாரு, வெயில் பட்டு செவசெவன்னு.

— டுர்ரு ஜோ?

— என்னடி தங்கம்?

— டுர்ரு ஜோ?

— ஆமாடி, கம்பைன் தூங்குது. ஜோ ஜோ.

— அம்மா டுர்ரு?

— அம்மா வண்டியும் ஜோ. அப்பா சொல்றேன்ல, எல்லா டுர்ருவும் ஜோ. நீ தின்னு. மர்லீஸ், அந்தக் காப்பியை இப்படித் தள்ளு. மேற்கால பாரு, மேகம் எப்படிக் கட்டியிருக்கு. வெர்ன் சொன்னது சரிதான் போலிருக்கு. நான் ஏறணும்.

— கர்ட்.

— குடிச்சுட்டு ஏறிடறேன்.

— கர்ட், அசையாத. கத்தாத. மெதுவாத் திரும்பு.

— என்ன?

— படியில இல்ல அவ.

— எங்க போனா?

— அங்க. உன் கம்பைன் சக்கரத்தைத் தாண்டி.

— நிக்கிறா.

— நிக்கல. பாரு.

— மர்லீஸ்.

— பார்க்கிறேன்.

— நடக்கிறா மர்லீஸ்.

— தெரியுது. என் கையைப் பிடி. ரொம்ப அழுத்தாத.

— அறுத்த தாள்கட்டை குத்துமே. பெரியவங்களே தடுக்கி விழுற இடம் அது.

— காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறா பாரு. யாரு சொல்லிக்கொடுத்தா?

— விழுந்துட்டா.

— போகாத. இரு. இரு.

— எந்திரிச்சுட்டா. எதையும் பிடிக்காமயே எந்திரிச்சுட்டா. அந்த சாக்ஸு கழுத்து எப்படி ஆடுது பாரு.

— கர்ட், உன் ரேடியோ கூப்பிடுது.

— டேய் தம்பி, வெர்ன் பேசறேன், உங்க வாசல்லேருந்து. என்ன ராசா, விருந்து முடிஞ்சுதா இல்லையா? மழை ரேடார்ல பச்சையா ஒண்ணு நகர்ந்து வருது. ஒரு மணி நேரத்துல உன் தலை மேல நிக்கும். லாரியை எடுத்துக்கிட்டு அங்க வரட்டுமா?

— வராத வெர்ன்.

— என்ன?

— லாரியை எடுக்காத. எதையும் ஸ்டார்ட் பண்ணாத.

— கம்பைன் ஏதாவது உடைஞ்சு போச்சா? பெல்ட்டா? நான் அன்னிக்கே சொன்னேன், அந்த பெல்ட்டு.

— உடையல. நான்தான் நிறுத்தினேன். டெஸ்ஸா நடக்கிறா.

— யாரு?

— என் பொண்ணு, வெர்ன். வயலுக்குள்ள நடந்து போறா.

— நீ குடிச்சிருக்கியாடா?

— காப்பி. உன் மேல ஆணை. பார்லி வயல்ல வாத்து இறங்குது, அதுங்களைப் பார்த்து நடந்து போறா. வாத்து வேஷத்துல.

— அடே ராசா. எப்படிடா? நேத்து வரைக்கும் நடக்கலையே?

— தெரியல. படியில உக்காந்து தின்னுக்கிட்டிருந்தா. டுர்ரு ஜோவான்னு கேட்டா. ஜோன்னேன். அப்புறம்.

— அப்புறம்?

— அப்புறம் இறங்கிட்டா.

— கர்ட். இப்படி என்னைப் பாரு, இன்னொரு தடவை சொல்லு, என்ன கேட்டா உன்கிட்ட?

— டுர்ரு தூங்குதான்னு. கம்பைன் தூங்குதான்னு கேட்டா. உன் வண்டியைக் கேட்டா. எல்லா டுர்ருவும் ஜோன்னு நான்.

— அனுமதி கேட்டிருக்கா.

— என்ன சொல்றே?

— கரண்ட் போனப்ப வீட்டுல எதுவும் ஓடல. ஜெபத்துல எதுவும் ஓடல. கிளினிக்ல ஹீட்டர் ஓடிச்சு. வாக்குவம். ஃபிரிட்ஜ். நம்ம ட்ரையர் எத்தனை நாளா நிக்காம ஓடுது கர்ட்? அவ தவழ ஆரம்பிச்சதிலிருந்து நம்ம வீட்டுல ஒரு நாளாவது சத்தம் நின்னிருக்கா?

— மர்லீஸ், சும்மா இரு.

— ஒரு தடவைகூடத் தப்பினதில்லன்னு நீதானே சொன்னே.

— டேய் தம்பி, என்னடா ஆச்சு? பேசு. மர்லீஸ், நீயாவது சொல்லு.

— அவன் அழறான் வெர்ன். சொல்றேன் கேளு. டுர்ரு கேட்டா கால் மேலன்னு இவன் சொல்லிக்கொடுத்தான் இல்ல? அவ கேட்டுக்கிட்டா. அவ்வளவுதான். இந்தக் காலு ரெண்டுக்கும் ஒண்ணுமே இல்ல. இத்தனை மாசமா சொன்ன பேச்சைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா.

— இருபது மாசக் குழந்தையா?

— ஆமா.

— நானே மேஜையை விட்டு இறங்கி இறங்கி ஓடுவேனே. அம்மா கையில எத்தனை அடி வாங்கியிருக்கேன்.

— அவ இறங்கல.

— இருங்க. ரெண்டு பேரும் ரேடியோவை விடாம இருங்க. நான் ஒரு இடத்துக்குப் போயிட்டு வரேன்.

— கர்ட், மூக்கைத் துடை. இந்தா, துண்டு.

— விளையாட்டுன்னு நினைச்சேன் மர்லீஸ்.

— நானும்தான்.

— அவ்வளவு சின்ன மண்டைக்குள்ள அதைப் பத்திரமா வச்சிருந்திருக்கா.

— தம்பி, ட்ரையரை நிறுத்திட்டேன். கேக்குதா? எதுவும் கேக்கல இல்ல? அதைத்தான் சொல்றேன். நாய்கூட எந்திரிச்சு என்னையே பார்க்குது, என்னமோ ஆயிடுச்சுன்னு.

— உள்ள ஈரத் தானியம் கிடக்கே வெர்ன்.

— கிடக்கட்டும். அவ வீட்டுக்கு வர்றப்ப வாசல்ல நடந்து வரட்டும். நான் இங்க படியில உக்காந்துக்கிறேன். டெனிஸு விழுந்த இடம் இங்கேருந்து தெரியுது. இத்தனை வருஷமா அதைப் பார்த்தபடி உக்காந்ததே இல்ல. சரி, நான் வாயை மூடிக்கிறேன்.

— மழை முதல் சொட்டு விழுது கர்ட்.

— விழட்டும்.

— ரொம்பத் தூரம் போயிட்டா. வாத்துங்க கிட்டயே போயிட்டா. எழும்பிப் பறக்கும்னு பார்த்தேன். பறக்கல. விலகி விலகி நடுவுல இடம் விடுது. எது நம்ம வாத்துன்னே தெரியல.

— அந்தக் கறுப்புக் கழுத்து. வலதுபக்கம் சாஞ்சிருக்கே, அது.

— ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கிறாளா பாரு. கூப்பிடட்டுமா?

— வேண்டாம். இத்தனை நாளும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. இன்னிக்குச் சொல்லாமக் கொள்ளாமப் போகட்டும்.