கேமராவில் எரியும் அடுப்பு

கோலசிலாங்கூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காள் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "அப்பா சாப்பிட்டுருவாரு, அடுப்பு எரியுது" என்றார்.

"அடுப்படியில கேமராவா?" என்று கேட்டார் தங்கை.

"அம்மா இருந்தப்ப வச்சதுலா. வெறகு அடுப்ப அணைக்க மறந்துரும்ல. இப்ப அப்பாவுக்கு ஆவுது."

"சுங்கை ஆயர் தாவார்ல ஒத்தையா கெடக்காரு. வரச் சொன்னா கேக்குறாரா?"

"நல்லாத்தான் இருக்காரு. அம்மா செத்து பதினாறு வரைக்கும் அந்த வீட்டுல அடுப்பு மூட்டல. காரியம் முடிஞ்ச மறுநாளே மூட்டிட்டாரு. தெனமும் காலையில பாப்பேன். எரிஞ்சா எனக்கு நிம்மதி."

"நீ பாக்குறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்லா. கேமராவுல தூசி தொடைக்கிறதே அவருதான்."

தங்கை கைப்பேசியை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"அக்கா, சட்டி எங்க?"

"எந்தச் சட்டி?"

"நெருப்பு மட்டும்தான் எரியுது. அடுப்பு மேல ஒண்ணும் இல்லையே. தெனமும் இப்படித்தானா?"

அக்காள் தங்கை பக்கம் சாய்ந்து திரையைப் பார்த்தார். இருக்கை இடுக்கில் எனக்கும் திரை தெரிந்தது. ஒரு கை வந்து, இன்னொரு விறகை உள்ளே தள்ளிவிட்டுப் போனது.