இரண்டு மீட்டர்கள் இடம் மாறியது குறித்து

என் பெயரும் முகவரியும் முதல் பக்கத்தில் உள்ளபடி சரி. வயது அறுபத்து மூன்று. விமானப் பராமரிப்புக் கொட்டகையில் மெக்கானிக்காக இருக்கிறேன். அங்கே என்னை மாமா என்பார்கள். நான் இல்லாதபோது வம்பு மாமா என்பார்கள். தொழிலைப் பார்த்தும் கையேடுகளைப் படித்தும் கற்றேன். உரிமம் கிடையாது.

நடுவானில் என்ஜின் நின்ற சம்பவத்துக்கு முந்தைய நாள், அந்த விமானத்தின் இடது எரிபொருள் மீட்டர், தொட்டியில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டியது. வேறு மீட்டர் கையிருப்பில் இல்லை. ஒவ்வொரு முறையும் இடது தொட்டியைக் கோல்விட்டு அளந்தால், பழுதைத் தள்ளிவைத்துப் பறக்கலாம் என்பது விதி. தற்போது காவலில் உள்ள பொறியாளர் அதன்படி பதிவேட்டில் எழுதி, இடது மீட்டருக்குக் கீழே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் ஒட்டியது சரியான பக்கம்தான்.

அதன் பிறகு அவர் வேலை முடிந்து போனார். அடுத்த ஷிஃப்டின் பொறுப்பாளர் வந்து, "மாமா, ரெண்டு மீட்டரையும் இடம் மாத்திப் போடுங்க. பழுது கூடவே வந்தா மீட்டர் கெட்டது, வரலேன்னா வயர் கெட்டது" என்றார்.

"எழுதிட்டு மாத்தலாமே" என்றேன்.

"எழுதுறத நான் பாத்துக்கறேன். உங்க வம்புக்கு இன்னிக்கு ஒரு நாள் லீவு குடுங்க."

கழற்றி மாற்றியது நான். பழுது மீட்டரோடு வலது பக்கம் வந்தது. அதைச் சொன்னேன். "சரி, சரி" என்றார். அதற்குள் டயர் வெடித்த வேறொரு விமானத்துக்குக் கூப்பிட்டார்கள், எழுதாமலே போய்விட்டார். பதிவேட்டில் எழுதவோ ஸ்டிக்கரைத் தொடவோ உரிமம் இல்லாத எனக்கு அதிகாரமில்லை.

மறுநாள் எரிபொருள் நிரப்புபவர் ஸ்டிக்கரைப் பார்த்து இடது தொட்டியை மட்டும் அளந்தார். வலதுக்கு மீட்டரை நம்பினார். நடுவானில் வலது என்ஜின் எரிபொருள் இல்லாமல் நின்றது. மற்றதை வைத்து இறக்கினார்கள். எவருக்கும் காயமில்லை.

ஸ்டிக்கரைத் தவறான பக்கம் ஒட்டியதாகப் பொறியாளரைக் காவலில் எடுத்தார்கள். அதன் பிறகு பொறுப்பாளர் என் வீட்டுக்கு வந்தார். "உங்களுக்கும் அவருக்கும்தான் ஆகாதே மாமா. மாத்துனதச் சொல்லாம இருந்தாப் போதும். உங்களுக்கும் நல்லது" என்றார். தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி, "இவருக்கு ஆகாதவங்கள எண்ணவா வந்தீங்க தம்பி? உங்களையும் சேத்துக்கோங்க" என்றாள். அவர் தண்ணீரைக் குடிக்காமலே போனார்.

ஆகாது என்பது உண்மை. உரிமத் தேர்வு எழுத நான் கேட்டபோது, "பள்ளிக்கூடம் முடிக்காதவருக்கு இதெல்லாம் எதுக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர் இந்தப் பொறியாளர். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இன்று காவல் நிலைய வராந்தாவில் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். நான் நேராக உள்ளே போனேன்.

ஆய்வாளர் முதலில் எழுதிய தாளில், பொறியாளர் தவறான பக்கம் ஒட்டியதை நான் பார்த்ததாக இருந்தது. அதை அடிக்காமல் கையெழுத்து இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன். கோடு போட்டு அடித்தார். மீட்டர்களை மாற்றியது என் கை என்பதையும் நானே சேர்க்கச் சொன்னேன்.

மேலே உள்ளதை யாரும் படித்துக் காட்டவில்லை, நானே வாசித்தேன், நடந்தது இதுதான். பொறியாளரை வெளியே விட்டாலும் நான் அவரோடு பேசுவதாக இல்லை. அதையும் எழுத வைத்த பிறகே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)