வருகைப் பதிவு நூறு விழுக்காடு

இதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை என்று, நேற்று நானே சுட்ட ரொட்டியின் மீதும் அதில் போட்ட உப்பின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், அதிகாரி ஐயா. புதினா என் தோட்டத்தது. நான்கு மணிநேரம் மலையேறி வந்திருக்கிறீர்கள், தொண்டை வறண்டிருக்கும்.

தூதாவின் கண்களைப் பற்றி விசாரிக்க வந்தீர்கள். அதை எங்கள் பள்ளியின் இந்த ஆண்டுச் சாதனைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாஸு. இமிஸ்கர் தொடக்கப் பள்ளிக்கு இருபத்தாறு ஆண்டுகளாகக் காவல்காரன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாற்பத்தொரு பிள்ளைகள். இடைவேளை மணி அடித்தால் எதிர்மலையில் மேயும் ஆடுகள் ஓடும், அவ்வளவு கூச்சல். பிறகு ஊற்று வற்றியது. ஒவ்வொரு வீடாகப் பூட்டினார்கள். போகிறவர்கள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி என்னிடம் முப்பத்திரண்டு சாவிகள் சேர்ந்தன. சில நாட்கள் மாலையில் ஒரு வீட்டைத் திறந்து, சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுபடி பூட்டிவிட்டு வருவேன்.

சென்ற செப்டம்பரில் மிஞ்சியது ஒரே குடும்பம். ஸைத், அவர் மனைவி இஜ்ஜா, ஒன்பது வயது மகள் தூதா. பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கும்வரை பள்ளி பள்ளிதான். அந்த ஒரு பெயர் தூதா.

அக்டோபரில் நூஃபல் வாத்தியார் கழுதை மேல் பெட்டியை ஏற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கடற்கரை ஊர்க்காரர், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஸைத் குடும்பம் மேலே மேய்ச்சலில் இருந்தது. அவர்கள் திரும்பியதும், புது வாத்தியார் வரும்வரை நானே பாடம் நடத்துவதாகச் சொன்னேன். இருபத்தாறு ஆண்டுகள் சன்னலுக்கு வெளியே நின்று எல்லா வகுப்புகளையும் கேட்டவன் நான். ஐந்தாம் வகுப்பை மட்டும் இருபத்தாறு முறை முடித்திருக்கிறேன். நாட்டில் வேறு யாரும் அவ்வளவு முடித்திருக்க மாட்டார்கள்.

நான் பொறுப்பேற்ற பிறகு பள்ளி நன்றாக நடந்தது. சண்டை இல்லை, பேன் தொல்லை இல்லை. ஓட்டப் பந்தயத்தில் எங்கள் பள்ளிக்கே முதலிடம். ஒரு நாள் ஓநாய் ஒன்று வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தது. வகுத்தல் கணக்கு தொடங்கியதும் எழுந்து போய்விட்டது. சூறைக்காற்று எங்கள் கொடியைப் பிய்த்துக்கொண்டு போய் அடுத்த பள்ளத்தாக்கில் போட்டது. அங்கே பள்ளிக்கூடம் வந்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கொடிக்கு அடியில் நின்றார்களாம். பனி விழுந்த மாதத்தில் கதவு புதைந்து போனதால் புகைபோக்கி வழியாக உள்ளே இறங்கி மணி அடித்தேன். தூதா வந்தாள். ஒரு நாள் கூட அவள் தவறவில்லை.

தவற முடியாதபடி செய்தவன் நான். அதற்கு வருகிறேன்.

நவம்பர் தொடக்கத்தில் ஸைத் மகளைக் கீழே உள்ள நகரத்துக்குக் கூட்டிப் போய் வந்தார். அவளுடைய கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறதாம். குளிர்காலம் முற்றுவதற்குள் மெக்னெஸ் நகரப் பெரிய மருத்துவமனையில் அறுவை செய்தாக வேண்டும், விட்டால் பார்வை போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மெக்னெஸில் இஜ்ஜாவின் தம்பி இருக்கிறார். மொத்தமாகக் குடிபெயர்ந்து அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். இதையெல்லாம் ஸைத் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

நான் வாங்கவில்லை.

மறுநாள் காலை அவர்கள் கோவேறு கழுதைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தபோது, என் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனேன். என்னிடம் இருந்தது அந்த ஒரே ஆடு. வாத்தியார் போன பிறகு மாலை நேரங்களில் அதனோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் வாசற்படியில் வைத்து அதன் கழுத்தை அறுத்தேன். இரத்தம் படியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடியது. நீங்களும் மலைக்காரர்தான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் இரத்தம் சிந்திக் கேட்டதைக் கொடுக்காமல் அந்தப் படியைத் தாண்டியவர் எங்கள் பக்கத்தில் எவரும் இல்லை.

ஸைத் கையில் சேணக் கயிற்றோடு அப்படியே நின்றார்.

“என் வாசல்லயா பெரியவரே? நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?”

“ஒண்ணும் செய்யல தம்பி. பள்ளிக்கூட வருஷம் முடியட்டும். ஜூன் கடைசியில போங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

இஜ்ஜா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “தாண்டிடலாங்க! ஒரே ஒரு அடி. கண்ண மூடிட்டுத் தாண்டிடலாம்.”

“தாண்டிட்டு? நாளைக்கு அறுவை மேசையில புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்த ரத்தத்தாலதான்னு நீயே என் நெஞ்சுல குத்துவ.”

“அப்போ இந்த ஆளு நெஞ்சுல யாருங்க குத்தறது?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. நான் ஆட்டை உரித்துக் கறியில் பாதியை அவர்களுக்கு வைத்துவிட்டு வந்தேன். அவர்கள் தொடவில்லை. ஸைத் மட்டும் இரண்டு முறை என்னிடம் வந்து, கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டாம் முறை என் தோளில் முத்தமிட்டுக் கேட்டார். கேட்டவனே விட்டுக்கொடுத்தால் கட்டு அவிழ்ந்துவிடும். ஆண்டு நடுவில் பிள்ளையை நிறுத்துவது படிப்புக்கு நல்லதல்ல என்று எடுத்துச் சொன்னேன்.

டிசம்பரில் தூதாவின் இருக்கையை இரண்டாம் வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு மாற்றினேன். சனவரியில் கரும்பலகையைச் சுவரிலிருந்து இறக்கி அவள் மேசைக்கு முன்னால் சாய்த்து வைத்தேன். பிப்ரவரியில் எழுத்துகளைக் கையகலத்துக்கு எழுதினேன். மார்ச்சில் ஒரு எழுத்துக்கு ஒரு பலகை. வசதி மேம்பாடு என்ற தலைப்பில் இவற்றையெல்லாம் நீங்கள் சேர்க்கலாம்.

“தாத்தா, பலகைய இன்னிக்குக் கழுவலியா? ஒண்ணுமே தெரியலியே.”

“கழுவிட்டேனே. ரொம்ப சுத்தமாயிடுச்சு, அதான்.”

“பொய்யி. சுண்ணாம்பு வாசன வருது. ஏதோ எழுதியிருக்கீங்க.”

கெட்டிக்காரப் பெண். ஏப்ரலில் அவள் கையைப் பிடித்துப் பலகைமேல் நடத்தினேன். மே மாதம் பாடப் புத்தகம் முழுவதையும் நான் வாசிக்க வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டாள். புத்தகத்தைப் பார்க்காமல் படிக்கும் மாணவி இந்த மாகாணத்தில் வேறு எந்தப் பள்ளியிலாவது இருக்கிறாளா என்று உங்கள் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

காலையில் அவள் வரும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் ஓடி வருவாள். பிறகு நடந்து வந்தாள். கடைசி இரண்டு மாதங்கள் இஜ்ஜா கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதவருகே விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போவாள். எப்படி வந்தால் என்ன, கதவு திறக்கும். ஒருவர் உள்ளே வந்து, “வந்துட்டேன் தாத்தா” என்பார். அதைக் கேட்காமல் ஒரு நாள் முழுவதும் இருந்து பாருங்கள், ஐயா, பிறகு என்னைப் பற்றி எழுதுங்கள்.

ஜூன் முப்பதாம் தேதி ஆண்டு விழா நடத்தினோம். நாற்பத்தொரு நாற்காலிகளையும் துடைத்துப் போட்டேன். ஸைத்தும் இஜ்ஜாவும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். சாதனை அறிக்கையை நானே வாசித்தேன். வருகைப் பதிவு நூறு விழுக்காடு, தேர்ச்சி நூறு விழுக்காடு, இடைநிற்றல் இல்லை. கைதட்டலுக்காக நிறுத்தினேன். யாரும் தட்டவில்லை. நானே தட்டினேன். நல்ல எதிரொலி உள்ள கூடம் அது.

“எல்லாப் பரிசும் எனக்கேவா தாத்தா? போட்டிக்கு ஆளே இல்லியே.”

“உனக்குப் பயந்துதான் எல்லாரும் ஊர விட்டே ஓடிட்டாங்க.”

அவள் சிரித்தாள். நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்பும் ஒரு படப் புத்தகமும் பரிசு. நீட்டினேன். நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் இடப்பக்கமாக அவள் இரண்டு கைகளையும் நீட்டிக் காத்திருந்தாள். நான் நகர்ந்து போய்க் கொடுத்தேன். புத்தகத்தை முகர்ந்து பார்த்து, “புதுசு” என்றாள்.

மறுநாள் விடியும்போதே கிளம்பிவிட்டார்கள். ஸைத் சாவியை என்னிடம் தரவில்லை. பூட்டாத கதவுக்கு முன்னால் படிமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதோடு முப்பத்து மூன்று.

மெக்னெஸ் மருத்துவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, ஏன் குளிர்காலத்துக்கு முன்பே வரவில்லை என்று மட்டும் கேட்டாராம். அதற்கு மேல் அவர் செய்ய ஒன்றுமிருக்கவில்லை. இஜ்ஜாவின் தம்பி புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஆகவே வாக்குமூலத்தைத் தெளிவாகவே எழுதுங்கள். மருத்துவர் சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்தே அவர்களைப் போகவிடாமல் கட்டிப்போட்டேன். அவளுடைய இரண்டு கண்களும் போனதற்கு வேறு யாரும் காரணமில்லை. என் ஒருவனுக்காகச் செய்தேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. இந்தப் பள்ளியை மூடவிடக் கூடாது என்பதற்காகச் செய்தேன்.

பள்ளியை மூடும் ஆணை சென்ற அக்டோபர் ஒன்பதாம் தேதியே வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான்.