நூறு மீட்டர் கடந்து வந்த ஓசை

இரண்டே நிமிடத்தில் தலைமையுரையை முடித்து எங்கள் வயிற்றில் பால் வார்த்த தலைவர் அவர்களே, இந்த மைதானத்தின் புல்லையும் மண்ணையும் பிள்ளைகளைப் போலப் பேணிய பெரியோர்களே, வேலையைப் போட்டது போட்டபடி விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, சீக்கிரம் நழுவ வசதியாக வாசலோரம் நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் கடிகாரம் பழுதுபார்க்கும் இந்தக் கடைக்காரனின் கனிவான வணக்கம்.

முப்பது ஆண்டுகள் இங்கே ஓட்டப் பந்தயங்களுக்கு நேரம் குறித்தேன். இனி அந்த வேலையைக் கருவி பார்த்துக்கொள்ளும். எனக்கு ஓய்வு தந்து, பாராட்டுப் பத்திரமும் வாசிக்கப் போகிறீர்கள். அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லி முடித்த பிறகும் மனமிருந்தால் வாசியுங்கள்.

ஓசை என்பது என்ன? காற்றா? காற்று ஓடிவந்து நம் காதில் விழுகிறதா? முன்வரிசை ஓரத்தில் இருக்கும் ரொட்டிக்கடை ஐயா, பக்கத்திலிருப்பவரைத் தோளால் மெல்ல இடியுங்கள். மெல்ல என்றுதான் சொன்னேன், பழைய பகையைத் தீர்க்கச் சொல்லவில்லை. வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுங்கள். பார்த்தீர்களா? இடி கடைசி நாற்காலிக்குப் போய்விட்டது. ஆனால் இடத்தை விட்டு எழுந்தவர் யார்? எவருமில்லை. ஆள் போகவில்லை, அசைவு போனது. அதுதான் அலை, அன்பர்களே. காற்று நின்ற இடத்திலேயே நெருங்கி விலகி, நெருங்கி விலகி, சேதியைக் கைமாற்றி விடுகிறது. என் தொண்டையில் தொடங்கிய நடுக்கம்தான் இப்போது உங்கள் செவிக்குள் நடுங்குகிறது.

ஒளியும் அலைதான். ஆனால் அதற்கு இடிக்கத் தோள் வேண்டாம், தாங்கக் காற்றும் வேண்டாம். ஒன்றுமே இல்லாத பெருவெளியைத் தாண்டி, நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வந்து நம் முற்றத்தில் விழுகிறது வெயில். ஓசையோ நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர்தான் போகும். ஆகவே நேரம் குறிப்பவனுக்கு முதல் பாடம் என்ன தெரியுமா? துப்பாக்கிப் புகையைப் பார்த்து ஸ்டாப்வாட்சை அமுக்கு, சத்தத்தைக் கேட்டு அமுக்காதே. நூறு மீட்டர் தள்ளி முடிவுக் கோட்டில் நிற்பவனிடம் சத்தம் வந்துசேர நொடியில் பத்தில் மூன்று பங்கு ஆகும்.

அந்தப் பத்தில் மூன்று பங்கு எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எப்படிச் சொல்வேன்? பனி விலகாத காலை. தொலைவில் ஒரு துளி வெண்புகை மலரும். ஓசை இல்லை. குனிந்திருந்த ஓட்டக்காரப் பெண்கள் எழுவார்கள், ஓசை இல்லை. கால்கள் மண்ணைத் தொடும், ஓசை இல்லை. உலகமே தூக்கத்தில் நடப்பது போலிருக்கும். பிறகுதான் வெடிச் சத்தம் வந்து என்னை எழுப்பும். முப்பது ஆண்டுகளும் நான் கூலி வாங்காமல் வந்தது அந்தக் கனவுக்காகத்தான்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு தேர்வுப் பந்தயம். ஓடுபவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு சுற்றுகள். இரண்டிலும் சேர்த்து வேகமாக ஓடிய ஒருத்திக்கு மட்டும் வெளியூர்ப் பயிற்சி முகாமில் இடம். அன்று இருந்தது ஒரே ஒரு ஸ்டாப்வாட்ச், அது என் கையில். முதல் சுற்றில் வென்றவர் தையற்காரர் மகள். புகையைப் பார்த்தேன், அமுக்கினேன். பன்னிரண்டு புள்ளி ஆறு நொடி.

இரண்டாம் சுற்றில் என் தங்கை. முந்தைய ஆண்டு தொடக்கத்திலேயே தடுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தவள். "தயார்" என்று குரல் கேட்டதும் எனக்கு அவள் விழுந்த காட்சி கண்முன் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

மூடிய இமைக்குள் சிவப்பாக வெயில் கசிந்தது. சிவப்பு ஒளியின் அலை நீளமானது, தோலையும் தசையையும் தாண்டிக் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். ஆனால் புகை உள்ளே வரவில்லை. சத்தம் வந்தது. கட்டைவிரல் அமுங்கியது. கண்ணைத் திறந்தேன், தங்கை பறந்து வந்து கோட்டைத் தொட்டாள். பன்னிரண்டு புள்ளி நான்கு. விட்டுப்போன பத்தில் மூன்று பங்கைக் கூட்டினால் எவ்வளவு? ஆமாம் கணக்கு வாத்தியாரே, பன்னிரண்டு புள்ளி ஏழு. உரக்கவே சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டியவன் நான்.

எல்லோரும் அவளைத் தோளில் தூக்கினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கை முகாமுக்குப் போனாள், விளையாட்டு ஆசிரியை ஆனாள். தையற்காரர் மகள் அடுத்த வாரமே அப்பாவின் கடையில் எந்திரத்தின் முன் உட்கார்ந்தார்.

போன மாதம் அவர் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்ற என் கடைக்கு வந்தார். காத்திருந்த நேரத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணா, இன்னும் அந்த ஓட்டத்தைக் கனவுல ஓடிட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் தோத்துட்டுதான் முழிக்கிறேன்." பேட்டரி என் கையிலிருந்து நழுவி மேசைக்கடியில் உருண்டது. குனிந்தவன் நிமிர வெகுநேரம் ஆனது.

நேற்று தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை வருஷமா அந்தச் சாதனைப் பலகையில என் பேரைப் பார்த்து சந்தோஷப்பட்டேனே" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு மேடையில நீயே சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் சொல்வேன்" என்றாள்.

தலைவர் அவர்களே, நேரம் குறிப்பவனாக என் கடைசி அறிவிப்பு. அந்தத் தேர்வுப் பந்தயம், பெண்கள் நூறு மீட்டர். முதலிடம் தையற்காரர் மகள், பன்னிரண்டு புள்ளி ஆறு. இரண்டாமிடம் என் தங்கை, பன்னிரண்டு புள்ளி ஏழு. சாதனைப் பலகையைத் திருத்தி எழுதுங்கள். போன முகாமையும், போன பதினொரு ஆண்டுகளையும் திருப்பித் தர என்னால் ஆகாது. அதற்கு மன்னிப்பு என்ற சொல் போதாது என்றும் எனக்குத் தெரியும்.

மூன்றாம் வரிசையில் தையற்காரர் மகள் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அம்மா, மைக் வேண்டாம், எல்லோரும் அமைதியாகத்தான் இருக்கிறார்கள்.

"அப்போ நான் தோக்கலையா, அண்ணா?" என்று கேட்கிறார்.

இல்லைம்மா. நீ தோக்கலை. அன்னிக்கு ஜெயிச்சது நீதான்.

பொறுத்துக் கேட்ட அவைக்கு என் நன்றி. பாராட்டுப் பத்திரத்தை மடித்து வையுங்கள். மற்றவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன், இந்த வணக்கம் மூன்றாம் வரிசைக்கு மட்டும். வணக்கம், தாயே.