கருங்காலி பம்பு

இல்ல தம்பி, பம்பு ஓடுதா ஓடலையாங்கிறது கடைசிக் கேள்வி. வரிசை மாறக் கூடாது. முன்னால நடந்த அநியாயத்தையெல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா சொல்லி முடிச்சிட்டுத்தான் கோரிக்கைக்கு வரணும். துறைமுகத்துல என் காலம் பூரா அப்படித்தான் பேசினேன். முதலாளிமாருங்க கொட்டாவி விட்டுக்கிட்டாவது உக்காந்து கேட்டானுங்க. நீ நின்னுக்கிட்டாவது கேளு.

முதல் அநியாயம், என் பவளத் தொட்டிக்கு ரெண்டு மருந்து ஊத்த வாங்கின ரெண்டு தலைப் பம்பு. இதே கடைதான், உனக்கு முன்னால இருந்தவரு வித்தது. உள்ள ஒரு உருளை சுத்திச் சுத்தி ரப்பர் குழாய நசுக்கும், மருந்து சொட்டுச் சொட்டா தொட்டியில விழும், நீங்க கால் நீட்டி உக்காரலாம்னாரு. உக்காந்தேன். குழாய் தேஞ்சு போனது யாருக்கும் தெரியல. உருளை சுத்துது, மருந்து வரல. சத்தம் மட்டும் போட்டுக்கிட்டு வேலையே செய்யாத மேஸ்திரி மாதிரி.

ரெண்டாவது, நாலு தலை. புயல்ல கரண்டு போய்த் திரும்பி வந்துச்சு பாரு, அதுக்கு நேரம் மறந்துபோச்சு. புதுசா விடிஞ்சிருச்சுன்னு நினைச்சு, ஊத்தினதையே மறுபடி மொதல்லேர்ந்து ஊத்திருச்சு. என்கிட்ட இருந்த மூளைப் பவளம் அதோட போச்சு. மூளை இல்லாத மெஷினு மூளைப் பவளத்தக் கொன்னுச்சுன்னு பவளச் சங்கத்துல சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

மூணாவது, போன்ல பேசுற பம்பு. ஒரு நாள் திடீர்னு நீ யாருன்னு என்னையே கேக்குது. கடவுச்சொல் தப்பாம். என் வீட்டு ஹால்ல, என் தொட்டிக்கு மருந்து ஊத்த, எந்த நாட்டுலயோ இருக்கிற ஒரு கம்பெனி எனக்கு அனுமதி குடுக்கணும். அடையாள அட்டை இல்லாம துறைமுகக் கேட்டுக்குள்ள விடமாட்டேன்னு சொன்னவங்களோட சண்டை போட்டே கிழவனானவன் நான். என் வீட்டுக்குள்ளயே ஒரு கேட்டு.

நாலாவது, இந்த டப்பா. நேத்து உன்கிட்டயே வாங்கினது. இதோட குத்தம் வேற ரகம். வர்றேன், இரு.

அவசரம் உனக்கு மட்டும் இல்ல. அங்க வீட்டுல தொட்டி செத்துக்கிட்டிருக்கு. மான்கொம்புப் பவளம் நுனியெல்லாம் வெளுத்துப் போச்சு. ராத்திரி விரல் மாதிரி வெளிய நீட்டும்ல, அதெல்லாம் உள்ள இழுத்துக்கிச்சு. கால்சியமும் சோடாக் காரமும் தண்ணியில இருந்தாத்தானே அது எலும்பு கட்டும். நாம ஊத்தலேன்னா எங்கேருந்து எடுக்கும், நம்ம க்ளாட்ஸ்டன் ஊர்க் கடலையா குழாய் போட்டு ஹாலுக்குக் கொண்டு வர முடியும்? செவ்வாக்கிழமையிலேர்ந்து ஒழுங்கா ஒரு சொட்டு விழல. இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா வெள்ளை எலும்புதான் மிச்சம். அது தெரிஞ்சுதான் வந்திருக்கேன்.

என்னது, மூணு தலையா? ஜெர்மன்காரன் செஞ்சதா. சரி, கையில குடு பாப்போம். கனமாத்தான் இருக்கு. சத்தமே வராதா? சத்தம் வராம வேலை செய்யிறவன நான் நம்புறதில்ல தம்பி. நான் அப்படி ஒரு நாளும் இருந்ததில்ல. அந்த வெள்ளைப் பம்பு? அதுல குழாய் எப்ப தேயும்னு அதுவே சொல்லுமா? தேயிறதுக்கு முன்னாலயே புகார் குடுக்கும்னு சொல்லு. எங்க ஆளுங்கள விட விவரமா இருக்கு.

ஒரு நாளைக்கு எத்தனை மில்லியா.

எத்தனை மில்லின்னா, அது வந்து, தொட்டி பெரிசு தம்பி. ஜன்னல்லேர்ந்து கதவு வரைக்கும் இருக்கும். அதத்தான் கேக்குறியா, தெரியும், மில்லி கேக்குற. காரம் ஒரு நாளைக்கு எவ்வளவு குறையுதுன்னா? அதுவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். சோதனைக் குழாய்ல தண்ணிய எடுத்துச் சொட்டு விட்டா நீலம் மஞ்சளா மாறும், எத்தனாவது சொட்டுல மாறுதுன்னு எண்ணணும். பாத்திருக்கேன். பேப்பர் படிச்சுக்கிட்டே பாத்திருக்கேன்.

நீ வாயக் கிளறுற. நல்லாத்தான் கிளறுற, உனக்கு ஒரு சங்கப் பொறுப்பு குடுக்கலாம்.

மெஷினே கூடாதுங்கிறவன் நாலு மெஷின் வாங்கினியேன்னு கேளு. கேக்க மாட்ட, மரியாதைக்காரப் பையன். நானே சொல்றேன். துறைமுகத்துல ஆளில்லாத கிரேன் வந்தப்ப அத எதிர்த்து கேட்டு வாசல்ல மழையில நின்னவன் நான். பள்ளிக்கூடம் முடிக்கல, துண்டுப் பிரசுரம் படிச்சு வளந்தவன். சாப்பாட்டு மேசையில உப்பு டப்பாவ வச்சு முதலாளி, மிளகுத் தூள வச்சுத் தொழிலாளின்னு வகுப்பு எடுப்பேன். அப்படிப்பட்டவன் வீட்ல சொகுசுக்காக பம்பு. வெக்கமா இருந்துச்சு. மூணாவது பம்பு மூஞ்சியில அடிச்சதும் இதுதான் சமயம்னு கட்சி மாறிட்டேன். மெஷின் வேணாம், கையே போதும். நம்ம பவளச் சங்கத்துல எழுந்து பேசினேன். மனுஷக் கை பவளத்த வளக்கும், மெஷின் பவளத்த எண்ணும்னு ஒரு பிரசுரமே எழுதி மடிச்சு ஒவ்வொரு நாற்காலியிலயும் வச்சேன். அன்னைக்குப் புழுக்கம். எல்லாரும் அத வச்சு விசிறிக்கிட்டாங்க. ஆனாலும் தொட்டி நல்லா வந்துச்சு தம்பி. பம்பு இருந்த காலத்துல இல்லாத நிறம். ஊதாவுல ஊதா. மூணு வருஷம் கையாலயே.

எந்தக் கைன்னு நீ கேக்கல. கிளெம் கேட்டாரு.

அதோ, இன்னைக்கு ஏலத்துல எடுக்கிற பவளத்தக் கொண்டுபோக ஐஸ்பெட்டிய மடியில வச்சுக்கிட்டு என் பேச்சு காதுல விழாத மாதிரி நத்தையப் பாத்துக்கிட்டிருக்காரே, அவருதான். நம்ம சங்கத் தலைவர். போன மாசம் வீடு வீடா தொட்டி பாக்கிற நாள். ஒவ்வொரு வருஷமும் போவோம்ல, ஒருத்தர் வீட்ல டீ, அடுத்தவர் வீட்ல கேக்குன்னு. எங்க ஹால்ல ஷூவக் கழட்டிட்டு எல்லாரும் நிக்கிறாங்க. மூக்கு கண்ணாடியில ஒட்டுற மாதிரி குனிஞ்சு பாக்கிறாங்க, அவ்வளவு அழகு. அப்ப கிளெம் கேட்டாரு, லெஸ், பம்பு இல்லாம இப்படியா, யாருப்பா மருந்து ஊத்துறது?

நான் கைய மேல தூக்கினேன். இந்தக் கைதான்னேன். ஓட்டெடுப்புல தூக்குற மாதிரி, நல்லா நேரா.

கைதட்டினாங்க.

என் வீட்டுக்காரி லாமிங்டன் கேக்குத் தட்டோட வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தா. தட்ட மேசையில வச்சா, தேங்காத் தூள் கீழ சிந்தினத ஒரு விரலால ஒத்தி எடுத்தா. டீயா காப்பியான்னு எல்லாரையும் கேட்டா. என்னைய மட்டும் கேக்கல. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். அடுத்தவன் வீட்டு வேலைநிறுத்தத்த ஒரு மைல் தூரத்துலயே மோப்பம் பிடிப்பேன். என் வீட்டுது மூக்குக்குக் கீழ நடந்துச்சு.

அவதான் தம்பி ஊத்துனது. மூணு வருஷமும். காலையில டீ குடிச்சதும் காரம், துணி காயப்போட்டு வந்ததும் கால்சியம். ஊசியில்லாத சிரிஞ்சுல எடுத்து, தண்ணி வேகமா ஓடுற மூலையில மெதுவா விடுவா. மான்கொம்பு நுனியப் பாத்தே இன்னைக்குக் கொஞ்சம் கூட வேணும்பா. நான் அந்தப் பக்கம் நாற்காலியில உக்காந்து மனுஷக் கையப் பத்திப் பிரசுரம் எழுதிக்கிட்டிருந்தேன்.

செவ்வாக்கிழமை காலையில டீ குடிச்சா. சிரிஞ்ச எடுக்கல. என்ன ஆச்சுன்னேன். வேலைநிறுத்தம்னா. சிரிச்சேன். அவ சிரிக்கல. கோரிக்கைய எழுத்துல குடுன்னு கேட்டேன், பழக்கதோஷம். உனக்கு எழுத்துல வேணும்னா நீயே எழுதிக்க, எனக்குப் பாத்திரம் கிடக்குன்னா. சமையல் உண்டு, பேச்சு உண்டு, வேலைநிறுத்தம் தொட்டிக்கு மட்டும்னு தெளிவா அறிவிச்சிட்டா. ஒழுங்கான சங்கத்துக்காரி. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

புதன்கிழமை நானே ஊத்தினேன். ரெண்டு பாட்டிலயும் ஒண்ணா, ஒரே மூலையில.

ஆமா, நீ முகத்தச் சுளிக்கிற. உனக்குத் தெரியும். எனக்குத் தெரியல. ரெண்டு மருந்தும் கலந்து சுண்ணாம்பாயி தொட்டி முழுக்கப் பால். மீனுங்க பாலுக்குள்ள முட்டிக்கிட்டு அலையுதுங்க. பின்னால சோபாவுல பின்னல் ஊசிச் சத்தம் மட்டும் கேக்குது, அவ திரும்பிக்கூடப் பாக்கல.

அப்புறம் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டேன். பாத்திரம் நான் கழுவுறேன்னேன். அது நீ எப்பவோ செஞ்சிருக்க வேண்டியதுன்னா. சங்கச் செய்தித்தாள்ல கடைசிப் பக்கத்துல ரெண்டு வரி போடுறேன்னேன். அதுக்குத்தான் சிரிச்சா. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதே ஆளுங்க முன்னால, அதே வாயால, யார் ஊத்துறதுன்னு சொல்லணும். அவ்வளவுதான். துறைமுகப் போராட்டத்துல நூறு பேருக்குச் சூப்பு காய்ச்சினேன், மேடையில நன்றி சொன்னப்ப அடுப்புக்குச் சொன்ன, எனக்குச் சொல்லலன்னா. அத அவ எத்தனை வருஷமா வச்சிருந்தாளோ.

ஒரு நிமிஷ வேலை தம்பி. சொல்லிட்டு உக்காந்திருக்கலாம். முடியல. கைதட்டின ஆளுங்க முன்னால அந்தக் கைய எப்படி இறக்குறது? அதனால நேத்து உன் கடைக்கு வந்து, வேலைநிறுத்தத்துல இருக்கிற தொழிலாளியோட வேலைய செய்ய ஒரு மெஷின் வாங்கினேன். நான். லெஸ் கார்மடி. கார்ல ஏறின பிறகுதான் அது மண்டையில உறைச்சுது. உறைச்சும் வண்டியத் திருப்பல. அதையும் சேத்துக்க.

எங்க துறைமுகத்துல ஒரு வழக்கம் உண்டு. எவனாவது வேலைநிறுத்தத்த உடைச்சு, கருங்காலியா மாறி உள்ள வேலைக்குப் போனான்னா, திட்டக் கூடாது, கை வைக்கக் கூடாது. கேட்டுல சாட்சிங்கள நிக்க வச்சு அவனோட முழுப் பேர வாசிக்கணும். அம்மா கோவத்துல கூப்பிடுவாளே, நடுப்பேரெல்லாம் சேத்து, அப்படி. ஒரு தடவை. அப்புறம் எல்லாரும் சும்மா நிக்கணும். அந்தச் சும்மா நிக்கிறதுலதான் ஆளு செத்துருவான். வாசிக்கிறது எப்பவும் நான்தான். குரல் அப்படி.

நேத்து சாயங்காலம் டப்பாவக் கக்கத்துல வச்சுக்கிட்டு கார் கொட்டகைப் பக்கமா உள்ள போறேன். அவ வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கா. பக்கத்து வீட்டு பெவ் ஒரு பக்கம், பெவ் புருஷன் ஒரு பக்கம். தண்ணி மீட்டர் பாக்க வந்த ஒரு அப்பாவி ஆளையும் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்காங்க. என் வீட்டுக்காரி எழுந்தா. கண்ணாடியப் போட்டுக்கிட்டா. கையில காகிதம் ஒண்ணும் இல்ல, சும்மா வழக்கத்துக்குக் கண்ணாடி. வாசிச்சா. லெஸ்லி பேட்ரிக் கார்மடி.

அப்புறம் நாலு பேரும் சும்மா நின்னாங்க. மீட்டர்காரன் தொப்பியக் கழட்டிட்டான், செத்த வீடுன்னு நினைச்சிருப்பான்.

இத்தனை வருஷத்துல அந்தப் பேரு இவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாது தம்பி.

அதனால அந்த ஜெர்மன்காரன உள்ள வை. வெள்ளையும் வேண்டாம். இந்த டப்பாவையும் திருப்பி எடுத்துக்க, ஒட்டின டேப்கூடப் பிரிக்கல. காரணம் எழுதணுமா? மெஷினு நல்ல மெஷினு, அந்த வேலைக்கு ஏற்கனவே ஆள் இருக்குன்னு எழுது.

அந்த மைக்க ஒரு நிமிஷம் குடு. பவளத் துண்டு ஏலம் விடத்தானே வச்சிருக்க, பதினோரு மணிக்குத்தானே ஏலம். கொண்டா. எது பொத்தான், இதுவா. பச்சை விளக்கு எரியுது, சரி.

கிளெம், நத்தைய விடுங்க, இப்படித் திரும்புங்க. நீங்க எல்லாருந்தான், ஐஸ்பெட்டியக் கீழ வச்சிட்டு ஒரு நிமிஷம் கேளுங்க. பெவ், நீ ஏன் உப்பு மூட்டைக்குப் பின்னால ஒளியிற, முன்னால வா. உன்னைய என் வீட்டுக்காரி எதுக்கு அனுப்பியிருக்கான்னு எனக்குத் தெரியும். நல்லாக் கேட்டுக்கிட்டுப் போய் அவகிட்ட ஒரு எழுத்து விடாம சொல்லு, இன்னும் ஒரு நாள் தொட்டி தாங்காது.

போன மாசம் எங்க வீட்டு ஹால்ல ஒரு கேள்வி கேட்டீங்க. தப்பான ஆள் கையத் தூக்கிட்டான். நீங்க சாட்சி. அந்தத் தொட்டிக்கு மருந்து ஊத்துறவ, மூணு வருஷமா ஊத்தினவ, அவ பேர இப்ப வாசிக்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின பேரத்தான் வாசிக்கணும்னு சொல்லியிருக்கா. கார்மடின்னா நீங்க எல்லாரும் மறுபடி என்னையத்தான் நினைப்பீங்களாம்.

ரோவீனா மே ஹார்ட்விக்.