மியூசியம் வாசலில் பஸ் சாவியை எடுத்தது பற்றி

எனது பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் கண்டபடி. வயது நாற்பத்தொன்பது. சலவைக்கடை நடத்துகிறேன். இதற்கு முன் எந்தக் காவல் நிலையத்துக்கும் நான் வந்ததில்லை. கடையில் துணி காணாமல் போனபோதுகூட வந்ததில்லை. சுற்றுலா வழிகாட்டி கொடுத்துள்ள புகாரைப் படித்துக் காட்டினார்கள். அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதை நானே சொல்கிறேன்.

என்னுடன் வந்தவர் என் கூடப்பிறந்த அக்கா. அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கண்பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. இப்போது நேர் எதிரில் இருப்பது மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரியும். அதுவும் இந்த வருடத்துக்குள் போய்விடும், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். வேலையில் இருந்த காலமெல்லாம் அக்கா பிள்ளைகளை மைதானத்தில் கைகோத்து வரிசையாக நிற்கவைத்து, திமிங்கலம் இவ்வளவு நீளம் என்று காட்டுவார். அவர் ஒரு திமிங்கலத்தையும் பார்த்ததில்லை. தலைநகரத்து மியூசியத்தில் திமிங்கலத்தின் முழு எலும்புக்கூடு தொங்குகிறது என்பதால், கடையை அடைத்துவிட்டு அவரை அழைத்து வந்தேன். வேறு எதற்காகவும் நாங்கள் இந்த ஊருக்கு வரவில்லை.

இன்று காலை, ஒரே நாளில் ஊர் முழுவதும் காட்டும் பஸ்ஸில் ஏறினோம். மியூசியத்துக்கு உள்ளே போக நேரம் இருக்குமா என்று ஏறும்போதே வழிகாட்டியிடம் கேட்டேன். அதுதானே முக்கியமான இடம் என்றார். அதன் பிறகு பஸ் நாடாளுமன்றத்தைச் சுற்றி வந்தது, நிற்கவில்லை. வழிகாட்டி மைக்கில் வலது பக்கம் பாருங்கள் என்பார். அக்கா தலையைத் திருப்பிக் கண்ணை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் கட்டடம் போய் மரம் வந்திருக்கும். மணிக்கூண்டு அப்படிப் போனது. போர் நினைவுத் தூண் அப்படிப் போனது. பழைய அரண்மனையின் வெளிக்கதவை மட்டும் காட்டினார்கள். ஜன்னல் வழியாகக் காட்டினாலும் இவர்கள் தொழிலில் அது காட்டிய கணக்குத்தானாம். வழிகாட்டி பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார். மியூசியத்தில் இருப்பது ஓடாது, நின்ற இடத்தில்தான் நிற்கும் என்று அக்கா சிரித்தார்.

அதன் பிறகு பஸ் ஒரு கம்பளக் கடைக்குப் போனது. ஊரில் எங்கேயும் நிற்காத பஸ் அங்கே இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. எங்களுக்கு நாற்காலி போட்டார்கள், குளிர்பானம் கொடுத்தார்கள், ஒவ்வொரு கம்பளமாக விரித்தார்கள். கிளம்பலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கடை முதலாளி பக்கத்தில் சம்பந்தி மாதிரி உட்கார்ந்துகொண்டு, இதோ, இதோ என்றார் வழிகாட்டி. மதியம் முழுவதும் அங்கேயே போயிற்று.

மியூசியத்துக்கு வந்தபோது மூடும் நேரம் நெருங்கியிருந்தது. ஆனாலும் கதவு திறந்திருந்தது. வெளியே உள்ள பீரங்கி முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு எல்லாரும் உடனே ஏற வேண்டும், உள்ளே போக நேரமில்லை என்று வழிகாட்டி அறிவித்தார். அவரைத் தனியாக அழைத்து அக்காவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். கெஞ்சித்தான் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அவர், "கண்ணு தெரியாதவங்களுக்கு மியூசியம் எதுக்கும்மா? வீட்ல யாரையாவது படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க, கேட்டுக்கட்டும்" என்றார்.

அதன் பிறகுதான் சாவியை எடுத்தேன். டிரைவர் டீ குடிக்க இறங்கியிருந்தார், சாவி பஸ்ஸிலேயே தொங்கியது. புகாரில் திருட்டு என்று இருக்கிறது. திருடுகிறவள் எல்லாருக்கும் தெரியும்படி சாவியைத் தூக்கிப் பிடிப்பாளா? அக்காவை உள்ளே அழைத்துப்போய் வந்து தருகிறேன் என்று சத்தமாகச் சொன்னேன். காலையிலிருந்து என்னோடு சேர்ந்து முணுமுணுத்த பயணிகளே அப்போது என்மேல் பாய்ந்தார்கள். ரயிலுக்கு நேரமாகிறதாம். மடியில் புதுக் கம்பளத்தை வைத்திருந்த ஒருவர், நாட்டில் ஒழுங்கே இல்லை என்றார். அவரை நான் ஒன்றும் செய்யவில்லை.

அதற்குள் அக்கா மியூசியப் படியில் ஏறத் தொடங்கியிருந்தார். படி அவருக்குத் தெரியாது, காலால் தடவித் தடவித்தான் ஏறுவார். வழிகாட்டி பின்னால் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா தடுமாறி முழங்காலில் விழுந்தார். அதன் பிறகு நான் வழிகாட்டியைத் தோள்பையால் அடித்தேன். பைக்குள் ஸ்டீல் பாட்டில் இருந்ததை மறந்துவிட்டதாக எழுதிக்கொள்ளட்டுமா என்று எழுதுகிற காவலர் அன்பாகத்தான் கேட்டார். மறக்கவில்லை. தினமும் இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை இது. இன்னொன்றும் கொடுத்திருப்பேன், அவர் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் நடந்தது எதுவும் அக்காவுக்குத் தெரியவில்லை. விழுந்த இடத்திலிருந்தே நேரே பார்த்துக்கொண்டிருந்தவர், "கதவைச் சாத்துறாங்கடி" என்றார். இன்று முழுவதும் இந்த ஊரில் அவர் தெளிவாகப் பார்த்தது அது ஒன்றைத்தான்.

வழிகாட்டியிடம் மன்னிப்புக் கேட்டால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார், இன்று இரவு ரயிலிலேயே ஊருக்குப் போய்விடலாம் என்று இங்கே சொன்னார்கள். கேட்க மாட்டேன். விழுந்தவரிடம் அவர் கேட்டாரா? வழக்குப் பதிந்தால் நாளை கோர்ட்டுக்கு வரும்வரை இந்த ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். தாராளமாகப் பதியுங்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். ஆத்திரத்தில் தன்னிலை மறந்து என்று ஒரு வரி இருந்தது, நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். மீதி அத்தனையும் நான் சொன்னது, நடந்தது; யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. கோர்ட்டுக்குக் கட்டாயம் வருவேன். மதியத்துக்கு மேல் கூப்பிடுங்கள். காலையில் மியூசியம் திறந்ததும் நானும் அக்காவும் திமிங்கலத்துக்கு அடியில் நிற்போம், அவருக்குப் போதும் என்கிறவரை நிற்போம்.

(ஒப்பம்)